ஒட்டுக் கள்ளி வாடினால் முதலில் பார்க்க வேண்டியது தலையை அல்ல, தண்டை

ஒருவர் கேட்ட கேள்வியைச் சுருக்கிவிடுகிறேன். உச்சியில் சிவப்பு உருண்டை, கீழே முப்பட்டையாகப் பச்சைத் தண்டு, இப்படி ஒரு ஒட்டுக் கள்ளியை வாங்கிச் சில மாதம் ஆகிறது. கள்ளிக்குத் தண்ணீர் ஆகாது என்று மாதத்துக்கு ஒருமுறை ரெண்டு ஸ்பூன் ஊற்றியிருக்கிறார். கள்ளி என்றால் வெயில் வேண்டுமே என்று நேர் வெயில் விழும் ஜன்னலில் வைத்திருக்கிறார். இப்போது தண்டு மஞ்சளாகிச் சுருங்குகிறது, உருண்டையின் ஒரு பக்கம் பழுப்பாகக் காய்ந்துவிட்டது. உருண்டையை மட்டும் வெட்டித் தனித்தொட்டியில் நட்டால் பிழைக்குமா என்று கேட்கிறார்.

பிழைக்காது. ஆனால் செடி இன்னும் கைவிட்டுப் போகவில்லை என்றுதான் தோன்றுகிறது. ஏன் என்று சொல்கிறேன், அது புரிந்துவிட்டால் தண்ணீர், வெயில், தொட்டி எல்லாவற்றுக்கும் விடை தானாகவே வந்துவிடும்.

உங்கள் தொட்டியில் இருப்பது ஒரு செடி அல்ல, இரண்டு. மேலே இருப்பது ஜிம்னோகேலிசியம் மிஹனோவிச்சி என்ற உருண்டைக் கள்ளியின் திரிந்த வடிவம். இதன் மூல இனம் பராகுவே பக்கத்து வறண்ட புதர்க்காட்டில் புதர் நிழலில் வளர்வது, பச்சையும் பழுப்பும் கலந்த சாதாரண நிறம்தான். 1941இல் ஜப்பானில் எய்ஜி வாத்தனாபே என்ற வளர்ப்பாளரின் விதைப்பாத்தியில் ஆயிரக்கணக்கான நாற்றுகளுக்கு நடுவே ஓரிரண்டு சிவப்பாக முளைத்தன, அவற்றிலிருந்து பெருக்கியதுதான் இன்று உலகம் முழுக்கப் போகிறது. அந்தச் சிவப்பு புதிதாக வந்த நிறம் இல்லை. பீட்ரூட்டில் இருக்கும் அதே பீட்டாலைன் வகை நிறமி சாதாரணக் கள்ளியிலும் உண்டு, பச்சையம் அதை மூடியிருக்கும். இதில் பச்சையம் இல்லை, அதனால் வெளியே தெரிகிறது. மஞ்சள், ஆரஞ்சு, இளஞ்சிவப்பு என்று வருவதெல்லாம் இதே கதைதான்.

பச்சையம் இல்லை என்றால் சாப்பாடு தயாரிக்க வழி இல்லை. விதையில் இருக்கும் சேமிப்பு தீர்ந்ததும் அந்த நாற்று செத்துவிடும், அதற்குள் எடுத்து இன்னொரு பச்சைச் செடியின் மேல் ஒட்டினால்தான் உயிர். ஆக, உருண்டையை வெட்டி மண்ணில் வைத்தால் உள்ளே இருக்கும் ஈரத்தில் சில வாரமோ சில மாதமோ அப்படியே சிவப்பாக உட்கார்ந்திருக்கும், நமக்கும் பிழைத்துக்கொண்டது போலத் தெரியும், அப்புறம் ஒரு நாள் குழைந்து போயிருக்கும்.

கீழே இருக்கும் முப்பட்டைத் தண்டு பெரும்பாலும் டிராகன் பழச் செடி. ஹைலோசீரியஸ் உண்டாட்டஸ் என்று பழைய பெயர், இப்போது செலனிசீரியஸ் என்ற பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள். அது பாலைவனத்துச் செடியே அல்ல. மெக்சிகோவின் தெற்கிலும் மத்திய அமெரிக்காவிலும் வெப்பக் காடுகளில் மரத்தைப் பற்றி ஏறும் கொடி. மரத்தின் அடர்நிழலும் பிடிக்காது, உச்சி வெயிலில் வறுபடவும் பிடிக்காது, மழைக்காலத்தில் நன்றாகக் குடிக்கும், குளிர் ஆகவே ஆகாது. நர்சரிக்காரர்கள் இதைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் துண்டு வெட்டி வைத்தால் உடனே வேர் விடும், வேகமாக வளரும், ஒட்டு சீக்கிரம் பிடிக்கும், விற்பனைக்கு வரும்போது தலை தளதளவென்று இருக்கும். பத்து வருஷம் வீட்டில் வாழ வேண்டும் என்பது அவர்கள் கணக்கிலேயே கிடையாது.

இந்த இரண்டும் சேர்ந்த செடியில் வேர் யாருடையது, இலை மாதிரி வேலை செய்யும் பச்சைப் பகுதி யாருடையது? ரெண்டும் தண்டுடையது. தலை சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறது. அதனால் பராமரிப்பு முழுக்கத் தண்டுக்காக. தலைக்கென்று நாம் செய்வது ஒன்றே ஒன்று, அதை வெயிலில் கருகாமல் பார்த்துக்கொள்வது.

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். ரெண்டு ஸ்பூன் கணக்கு எந்தக் கள்ளிக்குமே சரியில்லை, இதற்குச் சுத்தமாகச் சரியில்லை. மேல்மண் நனைவதோடு சரி, வேர் இருக்கும் இடத்துக்கு ஈரம் போய்ச் சேர்வதே இல்லை. ஊற்றினால் தொட்டியின் அடித்துளை வழியாக வடியும் வரை ஊற்றுங்கள், தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள், பிறகு மண் முக்கால்வாசிக்கு மேல் காயும் வரை தொடாதீர்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று தயவுசெய்து கேட்காதீர்கள், அதற்கு யாரும் ஒழுங்கான பதில் சொல்ல முடியாது. தொட்டி எவ்வளவு பெரிது, மண் என்ன, காற்று எப்படி என்பதைப் பொறுத்து ஒரு வாரமும் ஆகலாம், மூன்று வாரமும் ஆகலாம். தண்ணீர் ஊற்றிய உடனே தொட்டியைக் கையில் தூக்கிக் கனத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், சில நாள் கழித்துத் தூக்கிப் பாருங்கள், ரெண்டு மூன்று தடவையில் கைக்கே தெரிந்துவிடும். அது பிடிபடவில்லை என்றால் ஒரு மரக்குச்சியை அடி வரை குத்தி உருவிப் பாருங்கள், மண் ஒட்டிக்கொண்டு ஈரமாக வந்தால் பொறுங்கள்.

தண்டும் சொல்லும். தாகத்தில் இருக்கும் தண்டின் மூன்று பட்டைகளும் மெலிந்து, பக்கங்கள் உள்ளே குழிந்து, தொட்டால் தோல் போல வளையும். தண்ணீர் ஊற்றினால் சில நாளில் திரும்ப உப்பிவிடும். அழுகிய தண்டு வேறு மாதிரி, அதில் நீர் கோர்த்தது போன்ற கரும்பச்சையோ பழுப்போ அடியிலிருந்து மேலே ஏறும், அழுத்தினால் விரல் உள்ளே போகும், சில சமயம் புளித்த வாடையும் வரும். ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் வாடியிருக்கிறதே என்று அழுகும் செடிக்கு மேலும் மேலும் தண்ணீர் ஊற்றுவதுதான் இந்தச் செடிகள் சாவதற்குப் பெரிய காரணம். இன்னொன்றும் உண்டு, வயதாகும்போது தண்டின் அடிப்பகுதி தக்கை போலப் பழுப்பாகிக் கட்டியாகும். நகத்தால் தட்டினால் மரம் மாதிரி இருக்கும். அது நோய் இல்லை, அதைப் பார்த்துப் பயந்து வெட்டிவிடாதீர்கள்.

தண்ணீரை மண்ணுக்கு ஊற்றுங்கள், தலையில் ஊற்றாதீர்கள். தலையின் மடிப்புகளிலும், தலையும் தண்டும் சேரும் அந்த இடுக்கிலும் நீர் தேங்கி நின்றால் அங்கேயே அழுகல் தொடங்கும். தூசி படிந்தால் மென்மையான பிரஷ் போதும். குளிர்காலம் உள்ள இடம் என்றால் அப்போது தண்ணீரைக் குறைக்கலாம், ஆனால் மற்ற பாலைவனக் கள்ளிகளுக்குச் செய்வது போல மாதக்கணக்கில் முழுப் பட்டினி போடாதீர்கள், தண்டு தாங்காது. வெப்பம் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் டிராகன் தண்டு அடிபடும், ஈரமண்ணும் குளிரும் சேர்ந்தால் அநேகமாக அழுகல்தான்.

வெளிச்சம்தான் இதில் கொஞ்சம் சிக்கலானது, ஏனென்றால் தலைக்கு வேண்டியதும் தண்டுக்கு வேண்டியதும் ஒத்துப்போகாது. தண்டு ரெண்டு பேருக்கும் சேர்த்துச் சமைக்க வேண்டும், அதனால் அதற்கு நல்ல வெளிச்சம் வேண்டும். தலைக்கு வெளிச்சம் ஒரு வேலைக்கும் உதவாது, கடும் வெயில் பட்டால் நிறம் வெளுத்து, அப்புறம் தோல் கருகி, காகிதம் போலப் பழுப்புத் தழும்பு ஆகும். உங்கள் செடியில் நடந்தது இதுதான். தண்டு மஞ்சளானதும் பாதி வெயிலால்தான், இந்தக் கொடி அளவுக்கு மீறிய வெயிலில் மஞ்சளடிக்கும். ஜன்னலில் காலை இளவெயில் ஒன்றிரண்டு மணி நேரம் பட்டு, மீதி நேரம் வானம் தெரியும் வெளிச்சம் இருந்தால் போதும். நடுப்பகல் வெயில் நேரே விழும் இடம் என்றால் மெல்லிய திரை போடுங்கள் அல்லது செடியைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வையுங்கள். ரொம்பவும் உள்ளே தள்ளி அலமாரி மூலையில் வைத்துவிடாதீர்கள். இருட்டில் தலை பல மாதம் அழகாகவே இருக்கும், தண்டு மெல்ல மெல்ல மெலிந்துகொண்டே போகும், ஒரு நாள் ரெண்டும் சேர்ந்து போகும். ஜன்னலே இல்லாத அறை என்றால் எல்ஈடி வளர்ப்பு விளக்கு தினம் 12 மணி நேரம் எரியட்டும்.

தலை முழுச் சிவப்பாக இல்லாமல் பச்சையும் சிவப்பும் கலந்து திட்டுத்திட்டாக இருந்தால் நிலைமை வேறு. பச்சைத் திட்டு எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுக்கு அது தன் சாப்பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளும், வெயிலையும் கொஞ்சம் கூடத் தாங்கும், ஆயுளும் அதிகம். விலை கூடுதலாக இருந்தாலும் எனக்கு அதுதான் பிடிக்கும், முழுச் சிவப்பை விட.

மண், தொட்டி பற்றி அதிகம் பேச ஒன்றும் இல்லை. வாங்கி வந்த செடி பெரும்பாலும் பீட் என்ற, மக்கிய பாசியால் ஆன கரிய மண்ணில் இருக்கும், ஒருமுறை முழுக்கக் காய்ந்தால் அது தண்ணீரை உள்ளே விடாது, ஊற்றியது ஓரமாக வழிந்து ஓடிவிடும். நாம் தண்ணீர் ஊற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்போம். ஒன்றிரண்டு வாரம் புது இடம் பழகட்டும், பிறகு மாற்றிவிடுங்கள். பாதி நல்ல தொட்டி மண், பாதி பெர்லைட் என்ற இலேசான வெள்ளைத் துகளோ பியூமிஸ் என்ற நுரைக்கல்லோ பருமணலோ, அவ்வளவுதான். கடல் மணல் வேண்டாம், உப்பு. தொட்டி வேர்க்கட்டியை விட ஒரு விரல் அகலம் கூடுதலாக இருந்தால் போதும், அடியில் துளை கட்டாயம். ஆனால் தலை பெருத்து மேல்கனமாகிவிட்டால் பிளாஸ்டிக் தொட்டி சாயும், அப்போது மண்தொட்டி நல்லது, தண்டுக்கு ஒரு குச்சி ஊன்றிக் கட்டியும் விடலாம். சில செடிகளில் மேல்மண்ணில் கூழாங்கற்களைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள், தண்ணீர் ஒழுங்காக இறங்காது, உடைத்து எடுத்துவிடுங்கள். தலையில் காகிதம் போல ஒரு பூ இருந்து அது மாதக்கணக்கில் வாடாமல் இருந்தால் அதுவும் பசையால் ஒட்டியதுதான், காய்ந்த பூ. தோல் கிழியும் என்பதால் பிய்க்காமல் கத்தரித்து விடுங்கள். உரம், செடி வளரும் மாதங்களில் மட்டும், கள்ளி உரத்தைப் பாக்கெட்டில் சொன்னதில் பாதி அளவு கரைத்து மாதம் ஒருமுறை.

தண்டின் பட்டை ஓரத்தில் முள் இருக்கும் புள்ளிகளிலிருந்து பச்சைத் துளிர் வரும். பார்க்க ஆசையாக இருக்கும், விட்டுவிடத் தோன்றும். விட்டால் தண்டு தன் பிள்ளைக்குத்தான் சாப்பாடு போடும், தலை பட்டினி. சிறிதாக இருக்கும்போதே திருகி எடுத்துவிடுங்கள். பெரிதாக விட்டுவிட்டீர்கள் என்றால் வெட்டி ஒரு வாரம் காயவைத்து மண்ணில் ஊன்றுங்கள், அடுத்த ஒட்டுக்கு அதுவே தண்டு. தண்டிலிருந்து மெல்லிய வேர்கள் காற்றில் தொங்கினால் கவலைப்பட வேண்டாம், கொடியின் சுபாவம் அது.

பூச்சிகளில் மாவுப்பூச்சிதான் எதிரி. அது குடியிருக்கும் இடம் தலைக்கும் தண்டுக்கும் நடுவே இருக்கும் இடுக்கு, வெள்ளைப் பஞ்சு போலத் தெரியும். காது குடையும் பஞ்சுக்குச்சியை 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தொட்டு ஒவ்வொன்றாகத் துடையுங்கள், வெயில் இல்லாத நேரத்தில். தலையின் தோல் மென்மையானது, அதனால் ஓரமாக ஒரு இடத்தில் தடவிப் பார்த்து ரெண்டு நாள் கழித்து மீதியைச் செய்யுங்கள். வாரம் ஒருமுறை என்று மூன்று நான்கு தடவை செய்தால்தான் முட்டைகள் பொரித்து வருவதும் போகும். செடி காரணமே இல்லாமல் சோர்ந்தால் தொட்டியிலிருந்து உருவி வேரைப் பாருங்கள், அங்கேயும் ஒரு மாவுப்பூச்சி உண்டு, தொட்டிச் சுவர் ஓரமாக வெள்ளைப் பொடி போலத் தெரியும்.

இனி, எத்தனை நாள் வாழும்? டிராகன் தண்டில் ஒட்டிய முழுச் சிவப்புத் தலைக்குச் சில வருஷம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தண்டு ஒரு வேகத்தில் வளர்கிறது, தலை வேறு வேகத்தில் வளர்கிறது, ஒரு கட்டத்தில் ஒட்டின் ஓரம் விரிந்து இடைவெளி தெரியும், தலை லேசாக ஆடும். அதற்குப் பிறகு புதுத் தண்டில் மாற்றி ஒட்டுவது ஒன்றுதான் வழி, அது பயப்படும் அளவுக்குக் கடினம் இல்லை.

செடி நன்றாக வளரும் வெதுவெதுப்பான காலத்தில் செய்யுங்கள். வேர் பிடித்த, உப்பிய, ஒரு சாண் அளவுத் தண்டு வேண்டும். கூர்மையான மெல்லிய பிளேடை ஆல்கஹாலில் துடைத்து, தண்டை ஒரே இழுப்பில் கிடைமட்டமாக வெட்டுங்கள், அறுப்பது போல முன்னும் பின்னும் இழுக்கக் கூடாது. வெட்டிய முகத்தைப் பாருங்கள், நடுவில் சிறிதாக ஒரு வளையம் தெரியும், சுற்றியுள்ள சதையை விடக் கொஞ்சம் வெளுத்தோ கருத்தோ இருக்கும். தண்ணீரும் சாப்பாடும் போகும் குழாய்கள் அங்கேதான், ஒட்டுப் பிடிப்பதும் அங்கேதான், மற்றச் சதை ஒட்டினாலும் பயன் இல்லை. அடுத்தது, மூன்று பட்டை ஓரங்களையும் பென்சில் சீவுவது போலச் சரிவாகச் சீவிவிடுங்கள். ஏன் என்றால் வெட்டிய சதை காயும்போது உள்ளே இறங்கும், தோல் அவ்வளவு இறங்காது, சீவாமல் விட்டால் ஓரம் உயர்ந்து நின்று தலையை மேலே தள்ளிவிடும்.

இப்போது தலையை வெட்டுங்கள். அதிலும் அதே போல ஒரு வளையம் இருக்கும். தண்டின் முகம் இதற்குள் காய்ந்திருந்தால் மேலாக ஒரு மெல்லிய வில்லையைச் சீவிவிட்டு, ஈரம் இருக்கும்போதே தலையை வைத்து லேசாக அழுத்தி அசைத்துக் காற்றுக்குமிழியை வெளியேற்றுங்கள். ரெண்டு வளையமும் ஒரே அளவாக இருந்தால் நேர்மேலே வையுங்கள். ஒன்று பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருந்தால், சரி நடுவில் வைக்கும்போது சின்ன வளையம் பெரிய வளையத்துக்குள் தொடாமலே உட்கார்ந்துவிடும், பார்க்க அழகாக இருக்கும், ஒட்டாது. கொஞ்சம் தள்ளி வைத்து வளையங்கள் ஒன்றையொன்று வெட்டுவது போலச் செய்யுங்கள். பிறகு தொட்டியின் அடி வரை சுற்றி ரெண்டு ரப்பர் பேண்ட் குறுக்கும் நெடுக்குமாக. தலை நகரக்கூடாது, அதே சமயம் நசுங்கவும் கூடாது. நிழலில் வைத்து, வெட்டில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டு, ஒன்றரை அல்லது ரெண்டு வாரத்தில் ரப்பரை எடுங்கள். பிடித்திருந்தால் தலை இறுக்கமாக, பளபளப்பாக இருக்கும். பிடிக்காவிட்டால் சுருங்கத் தொடங்கியிருக்கும், மறுபடி ரெண்டு பக்கமும் சீவி இன்னொரு தடவை முயலலாம், தலை சில வாரம் தாங்கும்.

நீண்ட நாள் வாழ வேண்டும் என்றால் தண்டை மாற்றுங்கள். டிரைக்கோசீரியஸ், ஹரிசியா ஜஸ்பெர்ட்டி போன்ற வேறு கள்ளிகள் மெதுவாக வளரும், ஆனால் பல வருஷம் நிற்கும், டிராகன் தண்டை விடக் குளிரும் தாங்கும். தலையில் குட்டிகள் வந்திருந்தால் அவற்றில் ஒன்றை எடுத்து ஒட்டிப் பழகுங்கள், தாய்த்தலைக்கு ஆபத்து இல்லை. போன குட்டி போகட்டும்.

எல்லா ஒட்டுக் கள்ளிக்கும் தலையைத் தனியாக்க முடியாது என்று இல்லை. மேலே இருப்பது பச்சையாக இருந்தால், வேகமாக வளர்வதற்காக ஒட்டியிருப்பார்கள், அதை வெட்டி ஒன்றிரண்டு வாரம் காயவைத்து வேர்விட வைக்கலாம். அப்புறம், விசிறி போல, அலை போல மடிந்த தலையோடு விற்பார்களே, அதை வெட்டினால் வெள்ளைப் பால் வடியும் என்றால் அது யூபோர்பியா, இந்தக் குடும்பமே இல்லை. அதன் பால் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும், கையுறை இல்லாமல் தொடாதீர்கள். அதைக் கள்ளித் தண்டில் ஒட்டவும் முடியாது.

சரி, உங்கள் செடிக்கு இப்போது என்ன செய்ய வேண்டும்? தண்டின் அடியை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக, வெறும் சுருக்கமாக மட்டும் இருந்தால் தொட்டியை ஒரு பாத்திரத் தண்ணீரில் அரைமணி நேரம் வைத்து மண் முழுக்க ஊறவிட்டு, எடுத்து வடியவிட்டு, நேர் வெயில் இல்லாத வெளிச்சமான இடத்துக்கு மாற்றுங்கள். பத்து நாளில் தண்டு உப்பத் தொடங்க வேண்டும், மஞ்சள் மெதுவாகத்தான் மாறும், கொஞ்சம் மாறாமலேயே நிற்கவும் கூடும். உப்பவே இல்லை என்றால் வேர் போயிருக்கிறது, உருவிப் பார்த்து, செத்த வேரை வெட்டி, ஒரு வாரம் காயவைத்து மறுபடி நடுங்கள், டிராகன் தண்டு எளிதில் வேர் விடும்.

அடி குழைந்திருந்தால் காத்திருக்க வேண்டாம். மேலிருந்து நல்ல பகுதியைத் தலையோடு சேர்த்து வெட்டுங்கள், வெட்டிய முகத்தில் பழுப்புப் புள்ளி ஒன்றுகூட இல்லாத வரை சீவிக்கொண்டே மேலே போங்கள், ஒவ்வொரு வெட்டுக்கும் பிளேடைத் துடையுங்கள். தலைக்குக் கீழே நாலு விரல் அளவு நல்ல தண்டு மிஞ்சினால் அதை ஒரு வாரம் நிழலில் காயவைத்துக் காய்ந்த கலவையில் நடலாம், இரண்டு வாரம் கழித்துத் தண்ணீர். அதைவிடக் குறைவாக மிஞ்சினால் புதுத் தண்டு தேடி ஒட்டுங்கள். உருண்டையில் இருக்கும் பழுப்புத் தழும்பு காய்ந்து கெட்டியாக இருக்கும் வரை அதை ஒன்றும் செய்ய வேண்டாம், அது ஆறாது, பரவவும் பரவாது.